காஜாக்கா மறக்க மாட்டாள்

எங்கள் தையல் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், சட்டை ஒரு நாள் தாமதமானதற்காக, அதைச் சுருட்டிக் காஜாக்காவின் முகத்தில் எறிந்தார். அவர் கோபம் அன்றோடு தீர்ந்தது. அடுத்த முறை வந்தபோது சிரித்துப் பேசினார். காஜாக்காவும் சிரித்துப் பேசினாள். ஆனால் அதன் பிறகு அவருக்குத் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் கழுத்துக் காஜா மட்டும் ஒரு நூல் சிறியதாக இருந்தது. பட்டன் நுழையும். நுழையாவிட்டால்தானே புகார் வரும்? நுழைத்து முடிப்பதற்குள் மனிதர் தாடையைத் தூக்கி, பல்லைக் கடித்து, கண்ணாடி முன்னால் திண்டாடிப் போவார். பல வருடம் எங்களிடமே தைத்தார். "கழுத்து பெருத்துக்கிட்டே போகுதுய்யா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். நான் டேப்பைச் சுற்றிப் பார்ப்பேன். கழுத்து பழைய கழுத்துதான். காஜாக்கா தலை நிமிராமல் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

இது தெரிந்தால் அவளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதியை எழுதுகிறேன். நான் நேரில் பார்த்ததைப் பார்த்தபடியும், அவள் சொல்லிக் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுகிறேன். இரண்டையும் கலக்கவில்லை.

கடை அவளுடைய கணவருடையது. அவர்தான் கட்டிங் மாஸ்டர். நான் அளவெடுத்து எழுதுகிறவன். அதனால் எனக்கு அளவய்யா என்று பெயர். வாசலோரம் இஸ்திரிக்காரர். ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு குட்டை முக்காலியில் காஜாக்கா. கல்யாணமான புதிதில் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், ஒருநாள் ஆள் வராததால் காஜா எடுக்க உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. துணியைக் கீறி, கீறிய ஓரத்தை நூலால் கட்டி, பட்டன் போய் வர ஒரு வாசல் செய்வதுதான் காஜா. பெரிதானால் பட்டன் நிற்காது. சிறிதானால் நுழையாது. "இடையில ஒரு மயிரிழைதான் இடம். அதுலதான் என் பொழப்பு" என்பாள்.

மாஸ்டர் வாயில்லாப் பூச்சி. துணியோடு பேசுகிற அளவுகூட மனிதரோடு பேச மாட்டார். வாடிக்கையாளர்கள் என்னிடம் பேசுவார்கள், இஸ்திரிக்காரரிடம் வம்பளப்பார்கள், காஜாக்காவிடம் திட்டு வாங்குவார்கள். மாஸ்டரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மேஜைக்குப் பின்னால் அவர் ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான். நடந்ததற்கெல்லாம் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் இருந்தது. வலி கிடையாது, உறுத்தல் கிடையாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினமும் படுக்கும் முன் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டார், சில வருடங்கள். அந்த மருந்துக்கு ஒரு குணம். கண் சிவந்தே இருக்கும், இமை மயிர் நீளமாக வளரும். "மாஸ்டர் மை தீட்டிக்கிட்டு வந்துட்டார்யா" என்று இஸ்திரிக்காரர் கேலி செய்வார். மாஸ்டர் சிரிப்பார். ஆனால் கண்ணாடியைப் பார்க்கும்போது முகம் சுருங்கும். குடித்துவிட்டு வருகிறார் என்று ஒரு வாடிக்கையாளர் நினைத்ததிலிருந்து அந்தச் சிவப்பு அவரை அரித்தது.

அந்தச் சமயத்தில்தான் போனில் தெளிவண்ணன் வந்து சேர்ந்தார்.

அது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். வீடியோவில் உடம்பைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் நெஞ்சில் கைவைத்து "தெளிவா இருங்க" என்பார். ஒருநாள் கண் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசினார். கண் சிவப்பதே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உடம்பு கொடுக்கிற தகவலாம். மருந்தை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் ஒத்தடம் கொடுத்தால் போதுமாம். "நிறுத்திப் பாருங்க, கண்ணு தானா தெளியும்" என்றார்.

மாஸ்டர் நிறுத்தினார். மனைவியிடம் சொல்லவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்று, மூடியைத் திறந்து மூடி, திரும்பி வருவாராம். சில வாரத்தில் சிவப்பு போனது. கண் பால் மாதிரி வெளுத்தது. நானே சொன்னேன், "என்ன மாஸ்டர், மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு?" என்று. அவர் சந்தோஷத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினார். அதை நான் பிறகு படித்தேன். வார்த்தை மாறாமல் இதுதான்: "நான் ஒரு தையல் மாஸ்டர். கண்தான் என் தொழில். அண்ணன் சொன்னபடி சொட்டு மருந்தை நிறுத்தினேன். கண் தெளிந்துவிட்டது. உங்கள் காலுக்குக் கோடி நன்றி."

அந்த நன்றிக்கு ஆயிரக்கணக்கில் கட்டைவிரல் விழுந்தது. அது எல்லாக் கருத்துக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. வீடியோவைத் திறக்கிறவர்கள் தெளிவண்ணனைக் கேட்டுவிட்டு அடுத்ததாக மாஸ்டரைப் படித்தார்கள். கேள்வி கேட்டார்கள். "மாஸ்டர் சார், எனக்கும் அதே மருந்துதான், நிறுத்தலாமா?" "மாஸ்டர் சார், டாக்டர் திட்டுவாரா?" வாழ்நாளில் யாரும் ஒரு கேள்வி கேட்காத மனிதரை ஊரே சார் போட்டுக் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேஜை மூலையில் போனை வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருப்பார். மகளுக்குச் செய்தி அனுப்புகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு வருடம் கழிந்து ஒரு பள்ளிக்கூடச் சீருடை வேலை வந்தது. தைத்துப் பார்த்தால் பாதிச் சட்டைகளில் ஒரு பக்கக் கை குட்டை. "இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இடது கை மட்டும் வளரலையா?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நான் எழுதிய அளவைப் பார்த்தேன், சரி. மாஸ்டர் வரைந்த கோட்டைப் பார்த்தேன். மேஜையின் இடது பக்கம் துணி தீர்ந்துபோன இடத்துக்கு அப்பாலும் கோடு போயிருந்தது. வெறும் மரத்தில் சாக்குக்கட்டிக் கோடு. அதே வாரத்தில் அவர் இடதுபுறம் இருந்த இஸ்திரி மேஜையில் இரண்டு தடவை மோதிக்கொண்டார்.

காஜாக்கா சிரிக்கவில்லை. ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு எழுந்தாள். அவருக்கு இடப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினாள். அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சொன்னதை அவள் எங்களிடம் அப்படியே சொன்னாள். இடது கண்ணில் ஒரு ஊசித் துளை அளவுதான் பாக்கி. வலது கண்ணிலும் ஓரம் தின்னப்பட்டிருக்கிறது. போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

"மருந்து ஒழுங்கா விட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாராம். மாஸ்டர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். அங்கேதான் காஜாக்காவுக்குத் தெளிவண்ணன் என்கிற பெயர் முதல்முதலாகக் காதில் விழுந்தது.

"நடந்தது நடந்துபோச்சு, விடும்மா" என்றேன் நான்.

"யார் விடுறது? அளவய்யா, என் முகத்துல சட்டையை எறிஞ்சவனுக்கே நான் கழுத்தைப் பிடிச்சேன். இவன் என் வீட்டுக்காரர் கண்ணைப் பிடுங்கியிருக்கான்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த வாயால் நிறுத்தச் சொன்னானோ, அந்த வாயால், அதே ஜனங்கள் கேட்க, அது தப்பு என்று அவன் சொல்ல வேண்டும். வீடியோவுக்குக் கீழே எழுதிப் பார்த்தாள். எழுதிய வேகத்தில் அது காணாமல் போனது. மறுபடி எழுதினாள். மறுபடி போனது. இடத்தை விசாரித்தாள். நகரத்தின் மறுகோடியில், செல்போன் உறை விற்கும் கடைக்கு மேல் மாடி. மாஸ்டரை அழைத்துக்கொண்டு போனாள். படி ஏற ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் போனேன்.

சின்ன அறை. ஒரு பக்கம் நீலத் திரை, அதற்கு முன் ஒரு மேஜை, நாற்காலி, பிளாஸ்டிக் செடி. எதிரே வட்ட விளக்கு. அறையின் கதவு அந்தத் திரைக்குப் பின்னால் திறந்தது. உள்ளே வருகிறவர் திரையை விலக்கிக்கொண்டு நாற்காலியின் முதுகுக்குப் பின்னால்தான் வர வேண்டும். காஜாக்கா அதை ஒரு தடவை நின்று பார்த்துக்கொண்டாள்.

தெளிவண்ணன் நேரில் இன்னும் மரியாதையானவர். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மாஸ்டர் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்களா அது! உங்க கருத்துதான் சார் அந்த வீடியோவுக்கே உயிர். அதுக்கப்புறம் போட்ட வீடியோவுல எல்லாம் உங்களைப் பத்திப் பேசியிருக்கேன்."

"அவருக்கு இடது கண்ணு போயிடுச்சு" என்றாள் காஜாக்கா.

அவர் கையை விட்டார். பிறகு மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்ததும் சொன்னார், "அக்கா, நான் டாக்டர்னு என்னைக்காவது சொன்னேனா? மருத்துவரைக் கேட்டுச் செய்யவும்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கேன்."

"சின்ன எழுத்துல."

"ஆமாக்கா. இன்னொண்ணு, யாருக்கும் நான் தனியா பதில் சொல்றதே இல்ல. வக்கீல் சொல்லியிருக்கார். நிறுத்தலாமான்னு கேட்டவங்களுக்கெல்லாம் யார் பதில் சொன்னாங்கன்னு பாருங்க."

போனை அவள் கையில் கொடுத்தார். அவள் படித்தாள். நன்றிக்குக் கீழே கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் மாஸ்டரின் பதில். "தைரியமா நிறுத்துங்க." "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க, திட்டுவாங்க." "ரெண்டு வாரத்துல தெளியும், நான் பொறுப்பு." பூனைப் படம் வைத்த ஒருவர் மட்டும் விடாமல் கேட்டிருந்தார். தன் அண்ணனுக்கு அழுத்தம் அதிகமாம், பயமாக இருக்கிறதாம். அவருக்கு மாஸ்டர் எழுதியது: "பயப்படாதீங்க. நானே சாட்சி."

"பார்த்தீங்களா?" என்றார் தெளிவண்ணன், மெதுவாக. "பொறுப்புன்னு ஒரு வார்த்தை என் வீடியோவுல எங்கயாவது இருக்கா?"

காஜாக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். படியிறங்கும்போது மாஸ்டரின் கையை அவள் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன்.

மறுநாளிலிருந்து கடையில் வேறொரு தண்டனை ஆரம்பித்தது. மாஸ்டருக்கு வேண்டிய எதையும் அவள் இடது பக்கத்தில்தான் வைத்தாள். தண்ணீர், சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, எல்லாம். அவர் தடவுவார்.

"ஏம்மா, தண்ணி எங்க?"

"இருக்கு, மாஸ்டர் சார். தெளிவா பாருங்க."

"இஸ்திரிக்காரரே, நீங்களாவது எடுத்துக் குடுங்கப்பா."

"எனக்கு எதுக்குங்க வம்பு? அக்கா அப்புறம் என் கழுத்துக் காஜாவுல கை வெச்சுடுவாங்க."

இது பல நாள் நடந்தது. கொடுமைதான். ஆனால் அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகியது அந்த நாட்களில்தான் என்பதையும் எழுத வேண்டும். ஒருநாள் அவர் தண்ணீரைத் தேடாமல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எழுதினதை அழிச்சுடறேன். எல்லாத்தையும் அழிச்சுடறேன். போதுமா?"

"அழிச்சா நீங்க தப்பிச்சுடுவீங்க" என்றாள். "நிறுத்தினவங்க?"

அவள் கையிலிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு சட்டையில கை தப்பா போச்சுன்னா சட்டையைக் கொளுத்துவோமா? பிரிச்சு அதே இடத்துல திருப்பித் தைப்போம். தப்பு எங்கே இருக்கோ அங்கேதான் தையலும் விழணும்."

எழுதியதைத் திருத்தலாம், விழுந்த கட்டைவிரல் விழுந்தபடியே இருக்கும் என்பதை இஸ்திரிக்காரர் தன் போனில் செய்து காட்டினார். காஜாக்கா அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஊசியைக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வேலையை அவள் வகுத்த வரிசை இது: முதலில் கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில். மேலே இருக்கும் நன்றி கடைசியில். அதைத் திருத்திவிட்டால் தெளிவண்ணன் கண்ணில் பட்டுவிடும். மேலே உள்ளதை அவன் அழித்தால் கீழே உள்ளதெல்லாம் சேர்ந்து போய்விடும். அதற்குள் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மதிய வேளைகளில் அவள் தட்டினாள், அவர் சொன்னார். தானாக ஒரு வார்த்தை அவள் போடவில்லை. "நீங்க சொன்னதுதானே, நீங்களே சொல்லுங்க." அவர் சொன்னார்: "நான் சொன்னது தப்பு. எனக்கு இடது கண் போய்விட்டது. மருந்தை நிறுத்தியிருந்தால் உடனே கண் டாக்டரிடம் போங்கள்." கீழே கடையின் போன் எண்ணைப் போடச் சொன்னது அவள்.

"எண் எதுக்கும்மா? திட்டுவாங்களே" என்றேன்.

"திட்டட்டும். நாம போய்த் திட்டலையா? அவங்களுக்கும் ஒரு இடம் வேணாமா?"

கடைசியில் மேலே இருந்த நன்றியைத் திருத்தினார்கள். "நான் ஒரு தையல் மாஸ்டர். கண்தான் என் தொழில். அண்ணன் சொன்னபடி சொட்டு மருந்தை நிறுத்தினேன். கண் வெளுத்தது, பார்வை போனது. யாரும் நிறுத்தாதீர்கள்." ஆயிரக்கணக்கான கட்டைவிரல்கள் அதற்கு மேல் அப்படியே நின்றன. மறுநாள் காலை தெளிவண்ணன் அதை அழித்துவிட்டார்.

அங்கேதான் காஜா இறுகியது. அவர் தன் வீடியோக்களில் எல்லாம் "நம்ம தையல் மாஸ்டர்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார். புதிதாக வந்தவர்கள் தேடினார்கள். "மாஸ்டர் சார் எழுதினது எங்கே?" என்று கேட்டார்கள். பதில் கிடைத்தவர்களில் சிலர் "அவருக்குக் கண் போச்சு, அண்ணன் அழிச்சுட்டார்" என்று எழுதினார்கள். அதையும் அழித்தார். அவர் அழிக்க அழிக்க வேறு வேறு ஆட்கள் எழுதினார்கள். காஜாக்கா ஒவ்வொரு நாளும் அதைப் படித்துவிட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டவள் மாதிரி வேலைக்கு உட்கார்ந்தாள். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த வீடியோவையும் எடுக்கவில்லை.

ஒருநாள் கடைப் போன் அடித்தது. எடுத்தவன் நான். ஒரு பெண் குரல்.

"மாஸ்டர் சார் கடையா?"

"ஆமாம்மா. யார் பேசறது?"

"பூனைப் படம்" என்றது குரல். "அந்த ஆள் உயிரோட இருக்காரா? இருந்தா, இடம் சொல்லுங்க."

நான் போனைப் பொத்திக்கொண்டு காஜாக்காவைப் பார்த்தேன். கடையை மூடியாயிற்று என்று சொல்லிவிடலாமா என்று கண்ணாலேயே கேட்டேன். அவள் வந்து போனை வாங்கி, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது வரை சொன்னாள்.

மாஸ்டர் அன்று முழுவதும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. "நான் வீட்டுக்குப் போயிடவா?" என்றார்.

"தாராளமா போங்க. போகும்போது, கதவுல சின்ன எழுத்துல ஏதாவது எழுதி ஒட்டிட்டுப் போங்க."

அவர் போகவில்லை.

வந்தவள் நடுவயதுப் பெண். ரொட்டிக் கடையில் வேலை. முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது, வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அண்ணன் வேன் ஓட்டுகிறவராம். ஓட்டிக்கொண்டிருந்தவராம். பக்கத்தில் வந்த சைக்கிள்காரர் கண்ணில் படவில்லை. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் கண்ணைச் சோதித்துவிட்டு உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். வாசலில் நின்றபடி அவள் கேட்டாள், "இதுல யாரு சாட்சி?"

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காஜாக்கா ஒரு நாற்காலியை எடுத்தாள். அதை மாஸ்டரின் வலது பக்கம் போட்டாள். இத்தனை நாளில் அவருக்கு வலது பக்கம் அவள் வைத்த முதல் பொருள் அதுதான். "இவர்தான். உட்காரும்மா. முகம் தெரியணும்."

அந்தப் பெண் உட்காரவில்லை. மாஸ்டர் எழுந்து நின்றார்.

"நான்தாம்மா சொன்னேன்."

அவள் காத்திருந்தாள். மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எல்லாரும் சார்னு கூப்பிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் டாக்டர் இல்லம்பீங்க, நீ ஏன் கேட்டேம்பீங்கன்னு நினைச்சேன். பஸ்ல வரும்போது எல்லாத்துக்கும் பதில் தயார் பண்ணிட்டு வந்தேன்யா. இப்படிச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது? எங்கண்ணன் என்கிட்ட பேசறதில்ல. உங்க பேச்சைக் கேட்டு அவரை நிறுத்த வெச்சது நான். வேணாம் வேணாம்னார். 'ஒரு மாஸ்டரே சாட்சி சொல்றார்'னு சொல்லிப் பாட்டிலைக் குப்பையில போட்டது நான்."

காஜாக்கா சொன்னாள்:

"தயார் பண்ணின சண்டையை வீணாக்க வேணாம். அதுக்குன்னு ஒரு ஆள் வெச்சிருக்கேன்."

தெளிவண்ணன் வாரத்தில் ஒரு மாலை நேரலையாகப் பேசுவார். அந்த நேரத்தில் எதையும் வெட்டவோ அழிக்கவோ முடியாது. காஜாக்கா அந்த மாலைக்காகக் காத்திருந்தாள். போகும் முன் மேஜையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மாஸ்டரைக் கேட்டாள், "ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறம் யாரும் உங்ககிட்ட துணி வெட்டக் கொடுக்க மாட்டாங்க. வர்றீங்களா?"

"இப்ப மட்டும் கொடுக்கலாமா?" என்றார் அவர். அந்தப் பெண் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் போனார்கள்.

நானும் இஸ்திரிக்காரரும் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். நீலத் திரை, பிளாஸ்டிக் செடி, தெளிவண்ணன். முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்குப் பின்னால் திரை அசைந்தது.

"வந்துட்டாங்கய்யா!" என்று இஸ்திரிக்காரர் என் தொடையில் அடித்தார்.

திரை விலகியது. முதலில் காஜாக்கா, பிறகு மாஸ்டர், பிறகு அந்தப் பெண். தெளிவண்ணன் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு கணம் சுண்டியது. ஆனால் கெட்டிக்காரர். உடனே பல் தெரியச் சிரித்தார்.

"நேயர்களே, இன்னைக்கு ஒரு ஆச்சரியம். நீங்க எல்லாரும் தேடின நம்ம தையல் மாஸ்டர் சாரே நேர்ல வந்திருக்கார்!"

"ஆமாங்க" என்றாள் காஜாக்கா. மாஸ்டரை நாற்காலியில் உட்காரவைத்தாள். "கண்ணைப் பாருங்க, எவ்வளவு தெளிவு. சிவப்பு ஒரு பொட்டு இல்ல." முந்தானையை அவிழ்த்து, சாக்குக்கட்டியை மேஜையில் அவருக்கு இடப்பக்கம் வைத்தாள். பார்க்கிற எங்கள் எல்லோருக்கும் அது வெள்ளையாகத் தெரிந்தது. "நேரா அந்த விளக்கைப் பார்த்துக்கிட்டே சாக்குக்கட்டியை எடுங்க."

மாஸ்டரின் கை மேஜையில் ஊர்ந்தது. சாக்குக்கட்டிக்கு அருகில் போனது, விலகிப் போனது. பிளாஸ்டிக் செடியைத் தட்டிவிட்டது. அந்தக் கை துணியில் ஒரே வீச்சில் தோள்வளைவு வரையும் கை. நான் போனிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். இஸ்திரிக்காரர் "ஐயோ, பக்கத்துலதான், பக்கத்துலதான்" என்று போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் கண்ணும் இதே வெள்ளைதான்" என்றாள் அந்தப் பெண். "வேன்தான் இல்ல."

தெளிவண்ணன் போனை அணைக்கக் கையை நீட்டினார். "அணைங்க" என்றாள் காஜாக்கா. "அணைச்சீங்கன்னா இதுவரைக்கும் பார்த்ததுதான் ஜனங்க மனசுல நிக்கும்."

நீட்டிய கை நின்றது. "இப்ப நான் என்னக்கா சொல்லணும்?"

"மருந்தை நிறுத்தச் சொன்னது தப்புன்னு சொல்லணும். நிறுத்தினவங்க நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லணும். உங்க வாயால. பெரிய எழுத்துல."

அவர் சொன்னார். முணுமுணுத்தார். "கேக்கல" என்றாள். மறுபடி சொன்னார். "அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க, என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றாள். மூன்றாவது தடவை போனைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவர் முடித்ததும் மாஸ்டர், யாரும் கேட்காமலே, "நானும் சொன்னேன். அதுவும் தப்பு" என்றார். அதோடு படம் கறுத்துவிட்டது.

அந்த வீடியோ மறுநாள் இல்லை. கொஞ்ச நாளில் தெளிவண்ணனும் இல்லை. இப்போது அந்த மாடிக்குக் கீழே இருந்த கடையில் செல்போன் உறை விற்கிறார் என்று கேள்வி. அதில் அவர் என்ன ஆலோசனை சொன்னாலும் போனுக்குத்தான் ஆபத்து. அந்தப் பெண்ணின் அண்ணன் இன்னும் அவளோடு பேசவில்லை. ஆனால் மருந்து விட மட்டும் அவளிடம் முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறாராம்.

"இப்பவாவது மனசு ஆறுச்சாம்மா?" என்று காஜாக்காவைக் கேட்டேன்.

"அவன் தப்பா சொன்னதை எத்தனை ஜனம் கேட்டுச்சு, தப்புன்னு சொன்னதை எத்தனை ஜனம் கேட்டுச்சு? ஆறுறதாவது! மன்னிக்கிறதுக்கு நான் என்ன சாமியா? காஜா எடுக்கிறவ."

கடையில் இப்போது வேறொருவர் துணி வெட்டுகிறார். மாஸ்டர் மேஜையோரம் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போனும் தண்ணீரும் வலது பக்கத்தில் இருக்கின்றன. இன்னும் யாராவது கூப்பிடுகிறார்கள். கண்ணைப் பற்றி, முழங்காலைப் பற்றி, சர்க்கரையைப் பற்றிக் கேட்கிறார்கள். "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க" என்கிறார். எல்லோருக்கும் அதே வார்த்தைதான். சில சமயம் எதிர்முனையில் இருப்பவர் குழைந்து "உங்க அனுபவத்துல சொல்லுங்க, மாஸ்டர் சார்" என்பார் போலிருக்கிறது. மாஸ்டரின் வாய் லேசாகத் திறக்கும். ஜன்னலோரத்தில் ஊசி நின்றுவிடும். காஜாக்கா தலை நிமிர்ந்து பார்ப்பாள்.

"டாக்டரைக் கேளுங்க" என்று மாஸ்டர் போனை வைப்பார். ஊசி மறுபடி ஓடும்.